நாம் தூங்க, மூச்சு தூங்காதது ஏன்?

இரவில் படுக்கப்போகும் முன் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துவிடுகின்றோம். மின்விளக்கு, தொலைக்காட்சி, அடுப்பு என எல்லாம் ஓய்ந்துவிடும். குளிர்சாதனப் பெட்டியை மட்டும் யாரும் அணைப்பதில்லை. நம் உடலும் ஏறத்தாழ அப்படித்தான். கண் மூடுகிறது, காது மந்தமாகிறது, கைகால் தளர்கின்றன, சிந்தனை நிற்கிறது. ஆனால் நெஞ்சு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. நிமிடத்துக்கு 14 மூச்சு என்று வைத்துக்கொண்டால், எட்டு மணிநேரத் தூக்கத்தில் 6,720 மூச்சுகள். அவற்றில் ஒன்றைக்கூட நாம் நினைத்து விடுவதில்லை.

"சுவாசத்தைக் கட்டுப்படுத்துவது நீள்வளைய மையவிழையம்" என்று உயிரியல் வினாத்தாளில் ஒரு வரி எழுதினால் புள்ளி கிடைத்துவிடும். ஆனால் அந்த ஒரு வரியில் இல்லாத செய்தி ஒன்று உண்டு. நாம் விழித்திருக்கும்போது மூச்சு நடக்கும் முறை வேறு, தூங்கும்போது நடக்கும் முறை வேறு. தூக்கத்தைக் கொண்டுவருவதும் மூச்சை நடத்துவதும் மூளைத்தண்டு என்ற அதே சிறிய இடத்தில் நடப்பதால், ஒன்று மாறும்போது மற்றதும் மாறுகிறது. இதைத் தெரிந்துகொண்டால், பக்கத்து அறையிலிருந்து வரும் குறட்டைச் சத்தத்தை நாம் வேறு காதால் கேட்போம். பெற்றோரும் மாணவிகளும் சேர்ந்து வாசிக்கும் இந்த இதழில் இதை எழுத விரும்பியதற்கு அதுவே காரணம்.

இரண்டு கட்டளைகள்

முதலில் ஒரு சிறிய பரிசோதனை. இந்தப் பக்கத்தை வாசித்துக்கொண்டே மூச்சை அடக்கிப் பாருங்கள். உங்களால் முடிகிறது. ஆனால் சிறிது நேரத்தில் உள்ளிருந்து ஒரு வற்புறுத்தல் எழும். அதை மீறி நெடுநேரம் அடக்கிவைக்க எவராலும் முடியாது.

இந்தப் பரிசோதனையில் இரண்டு எசமானர்கள் தெரிகின்றார்கள். மூச்சை அடக்கச் சொன்னது மூளையம். நாம் பேசும்போதும், ஓதும்போதும், நீந்தும்போதும் மூச்சை நம் விருப்பத்துக்கு வளைப்பது அதுதான். "போதும், விடு" என்று வற்புறுத்தியது மூளைத்தண்டு. நடுமூளை, வரோலியின் பாலம், நீள்வளைய மையவிழையம் ஆகிய மூன்றும் சேர்ந்து முண்ணாணின் மேல் ஒரு தண்டுபோல அமைந்திருப்பதே மூளைத்தண்டு.

மூச்சின் இருப்பிடத்தை மனிதன் கண்டறிந்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பிரெஞ்சு மருத்துவர் லெகல்வா, முயல்களின் மூளையை மேலிருந்து சிறிது சிறிதாக அகற்றிக்கொண்டு வந்தார். மூளையம் போன பின்பும் மூச்சு நிற்கவில்லை. நீள்வளைய மையவிழையத்தின் ஒரு குறிப்பிட்ட பகுதியைத் தொட்டபோதுதான் நின்றது.

அந்தப் பகுதிக்குள் தாளம் போடுவது யார் என்பது 1991இல் தெரியவந்தது. ஜெப்ரி ஸ்மித், ஜாக் பெல்ட்மன் ஆகியோரும் அவர்களது குழுவினரும் பிறந்த எலிக்குஞ்சின் மூளைத்தண்டிலிருந்து மெல்லிய துண்டொன்றை வெட்டியெடுத்து, உப்புக் கரைசலில் உயிருடன் வைத்துப் பார்த்தார்கள். உடலும் இல்லை, நுரையீரலும் இல்லை. அப்படியிருந்தும் அத்துண்டு மூச்சின் தாளத்தில் கணத்தாக்கங்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. அந்தத் தாளத்தின் ஊற்றாக அவர்கள் கண்ட சிறு நரம்புக்கலக் கூட்டத்துக்கு முன்-பொட்சிங்கர் தொகுதி என்று பெயர். பெரிய விஞ்ஞானியின் பெயராக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் அதற்குப் பக்கத்திலுள்ள பகுதிக்குப் பெயர் தேடியபோது, மாநாட்டு மேசையிலிருந்த ஒரு ஜெர்மனியப் போத்தலின் மீது ஒட்டப்பட்டிருந்த பெயரையே பெல்ட்மன் சூட்டிவிட்டார்!

இந்தத் தாளம் முண்ணாண் வழியாக இறங்கி, பிரிமென்றகட்டுக்கும் பழுவிடைத் தசைகளுக்கும் போகிறது. தொண்டைத் தசைகளுக்கும் நாக்குக்கும் மூளைத்தண்டிலிருந்தே நேரடியாக நரம்புகள் போகின்றன. தொண்டையும் நாக்கும் ஏன் இங்கே வருகின்றன என்பதைப் பின்னர் பார்ப்போம்.

விழிப்பு தரும் ஊக்கம்

விழித்திருப்பது என்பது சும்மா இருப்பதல்ல. அதற்கும் ஓர் இயந்திரம் ஓட வேண்டும். 1949இல் மொருட்சி, மகூன் என்ற இரு ஆய்வாளர்கள் மூளைத்தண்டின் நடுவிலுள்ள வலைபோன்ற பகுதியை மின்னால் தூண்டியபோது, உறக்க நிலையிலிருந்த பூனையின் மூளை விழிப்பு நிலைக்கு மாறியது. மூளையத்தைத் தட்டி எழுப்பும் மணி மூளைத்தண்டில்தான் இருக்கிறது என்பது அப்போது தெளிவானது.

நோரதிரனலின், செரட்டோனின் போன்ற பதார்த்தங்களைச் சுரக்கும் நரம்புக்கலங்கள் அந்த மணியை அடிப்பவற்றுள் அடங்கும். இவை மேல்நோக்கி மூளையத்தை விழிக்கச் செய்வதோடு நிற்பதில்லை. கீழ்நோக்கி, மூச்சை நடத்தும் கலங்களுக்கும் தொண்டைத் தசைகளின் நரம்புகளுக்கும் "இயங்கு, இயங்கு" என்று ஊக்கம் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. எனவே பகலில் நம் மூச்சுக்கு இரண்டு உந்துதல்கள் உண்டு. ஒன்று, விழிப்பு தரும் ஊக்கம். மற்றது, குருதியிலுள்ள காபனீரொட்சைட்டின் அளவு.

தூக்கம் வரும்போது பரிவகக்கீழ்ப் பகுதியிலுள்ள தூக்கக் கலங்கள் இந்த விழிப்புக் கலங்களை அடக்குகின்றன. மணி ஓய்கிறது. அத்துடன் மூச்சுக்குக் கிடைத்துவந்த முதலாவது உந்துதலும் குறைந்துவிடுகிறது. தூக்கத்தில் மூச்சு மாறுவதன் மூலகாரணம் இதுதான்.

அமைதித் தூக்கத்தில்

தூக்கம் இரண்டு வகை. கண்கள் அசையாத அமைதித் தூக்கம் ஒன்று. மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் கனவுத் தூக்கம் மற்றது. இந்த இரண்டாவது வகையை 1953இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசரின்ஸ்கியும் கிளைட்மனும் வெளியுலகுக்கு அறிவித்தனர்.

அமைதித் தூக்கத்தில் மூச்சு சீரானது, அழகானது. மூளையம் தலையிடுவதில்லை. காபனீரொட்சைட்டு மட்டுமே பொறுப்பை ஏற்கிறது. அது மூளையைச் சூழ்ந்த பாய்பொருளில் கரைந்து அமிலத்தன்மையைக் கூட்ட, நீள்வளைய மையவிழையத்திலுள்ள இரசாயன வாங்கிகள் அதை உணர்ந்து தாளத்தை முடுக்குகின்றன. சிரசு நாடியிலுள்ள வாங்கிகள் ஒட்சிசன் குறைவதை உணர்ந்து துணைநிற்கின்றன.

விழிப்பின் ஊக்கம் இல்லாததால் மூச்சு சற்றுக் குறைகிறது. விழித்திருக்கும்போது நாடிக் குருதியில் ஏறத்தாழ 40 மில்லிமீற்றர் இரசமாக இருக்கும் காபனீரொட்சைட்டின் அமுக்கம், தூக்கத்தில் சில மில்லிமீற்றர் உயர்கிறது. இது நோயல்ல, இயல்பு. ஆனால் இங்கே ஓர் இடர் இருக்கிறது. விழித்திருப்பவரின் காபனீரொட்சைட்டு சற்றுக் குறைந்தாலும் அவர் மூச்சு நிற்பதில்லை, விழிப்பே அவரை மூச்சுவிட வைக்கும். தூங்குபவருக்கோ அது ஒரு குறித்த எல்லைக்குக் கீழே இறங்கினால், மீண்டும் சேரும்வரை மூச்சு நின்றுவிடும். இமயமலை ஏறுபவர்களுக்கு இரவில் நேர்வது இதுதான். காற்றில் ஒட்சிசன் அமுக்கம் குறைவாக இருப்பதால் அவர்கள் வேகமாக மூச்செடுக்கின்றனர். அதனால் காபனீரொட்சைட்டு வெளியேறிவிடுகிறது. தூங்கியதும் மூச்சு சில செக்கன் நிற்கும், பின் வேகமாக வரும், மீண்டும் நிற்கும்.

கனவுத் தூக்கத்தில்

கனவுத் தூக்கம் இன்னும் விசித்திரமானது. மூளையம் விழித்திருப்பதுபோல் சுறுசுறுப்பாக இருக்கும், உடலோ அசையாது கிடக்கும். கனவில் ஓடும்போது நாம் கட்டிலிலிருந்து எழுந்து ஓடாமல் இருப்பதற்குக் காரணம், வரோலியின் பாலத்திலிருந்து புறப்படும் ஒரு கட்டளை முண்ணாணிலுள்ள இயக்க நரம்புக்கலங்களைச் செயலிழக்கச் செய்வதே. பிரான்சின் லியோன் நகரில் மிஷல் ஜுவே என்பவர் பூனைகளில் செய்த ஆய்வுகள் இதனைக் காட்டின. பாலத்தின் அந்தப் பகுதி பழுதானபோது, பூனைகள் தூங்கியபடியே எழுந்து கனவை நடிக்கத் தொடங்கின.

எல்லாத் தசைகளும் தளர்ந்தால் மூச்சு என்னாகும்? பழுவிடைத் தசைகள் தளர்கின்றன. தொண்டைத் தசைகளும் தளர்கின்றன. ஆனால் பிரிமென்றகடு பெருமளவு விட்டுவைக்கப்படுகிறது. உடல் முழுவதும் ஓய்ந்துகிடக்கும் அந்த நேரத்தில், ஒற்றைத் தசை ஒன்று ஏறத்தாழ முழுச் சுமையையும் தாங்குகிறது என்று நினைக்கும்போது படைப்பின் நுட்பத்தை எண்ணி சுப்ஹானல்லாஹ் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆயினும் இந்நேரத்தில் மூச்சு சீரற்றது. காபனீரொட்சைட்டுக்கும் ஒட்சிசன் குறைவுக்கும் உடல் காட்டும் துலங்கலும் மந்தமானது. ஆகவே மூச்சுக்கோளாறு உள்ளவர்களுக்கு விடியலை அண்டிய நேரம் கடினமானது. ஏனெனில் இரவின் பிற்பகுதியில்தான் கனவுத் தூக்கம் அதிகம்.

தூங்கினால் மூச்சு மறப்பவர்கள்

இந்த இரண்டு கட்டளைகளும் வேறுவேறு என்பதற்கு ஓர் அபூர்வ நோய் சான்றாக இருக்கிறது. விழித்திருக்கும்போது சாதாரணமாக மூச்சுவிடும் குழந்தை, தூங்கியதும் மூச்சைப் போதியளவு விடாது. 1962இல் சில நோயாளர்களிடம் இத்தகைய நிலையைக் கண்ட இரண்டு வைத்தியர்கள், நீர்த்தேவதை பற்றிய ஐரோப்பியக் கதையொன்றை நினைத்து அதனை "ஒன்டீனின் சாபம்" என்று அழைத்தார்கள். பிறப்பிலேயே இது வருவது பொக்ஸ்-2-பி என்ற பரம்பரையலகில் ஏற்படும் மாற்றத்தால் என்று 2003இல் கண்டறியப்பட்டது. காபனீரொட்சைட்டை உணரும் மூளைத்தண்டுக் கலங்கள் சரியாக உருவாவதற்கு அந்தப் பரம்பரையலகு தேவை. இது எவருடைய சாபமும் அல்ல. இக்குழந்தைகள் இரவில் செயற்கைச் சுவாசக் கருவியின் துணையுடன் தூங்கி, பகலில் பாடசாலைக்குப் போகின்றார்கள்.

குறட்டை ஏன் எச்சரிக்கை?

இப்போது நாக்குக்கும் தொண்டைக்கும் வருவோம். மூக்கிலிருந்து நுரையீரல் வரையான பாதையில் தொண்டைப் பகுதிக்கு மட்டும் என்பும் இல்லை, கசியிழைய வளையமும் இல்லை. அதைத் திறந்து வைத்திருப்பது தசைகள்தான். அவற்றை இறுக்கமாக வைத்திருப்பது விழிப்பின் ஊக்கம். தூங்கியதும் ஊக்கம் குறைகிறது, தசை தளர்கிறது, மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னே சரிகிறது. பாதை ஒடுங்கி, காற்று மென்மையான தசையை அதிரவைத்தால் அது குறட்டை. பாதை முற்றாக அடைபட்டால் மூச்சுத்தடை. அப்போது பிரிமென்றகடு இழுத்துக்கொண்டுதான் இருக்கும், காற்று மட்டும் உள்ளே போகாது.

அடைப்பு 10 செக்கனுக்குக் குறையாமல் நீடித்தால் வைத்தியர்கள் அதை ஒரு மூச்சுத்தடையாகக் கணக்கிடுகின்றனர். ஒட்சிசன் இறங்க, காபனீரொட்சைட்டு ஏற, வரோலியின் பாலத்தின் மேற்பகுதியிலுள்ள கலக் கூட்டமொன்று அபாய மணி அடித்து மூளையத்தை ஒரு கணம் எழுப்புகிறது. தொண்டை திறக்கிறது. பெருஞ்சத்தத்துடன் மூச்சு வருகிறது. உடனே மீண்டும் தூக்கம், மீண்டும் அடைப்பு. தூங்குபவருக்குக் காலையில் இதில் ஒன்றும் நினைவிருக்காது. இத்தகைய தடைகள் மணித்தியாலத்துக்கு 30ஐத் தாண்டினால் நோய் கடுமையானது எனப்படுகிறது. அதாவது, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் தன் உயிருக்காக எழுப்பப்படுகின்றார்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. எங்கள் வாப்பா லொறிச் சாரதி. சம்மாந்துறையிலிருந்து கொழும்புக்கு அரிசி ஏற்றிப் போவார். அவருடைய குறட்டை எங்கள் வீட்டில் பகிடிக்குரிய விடயம். "நல்லா உழைக்கிற மனிசன், நல்லா தூங்குறார்" என்று வாப்பும்மா பெருமையாகச் சொல்வார். உம்மா மட்டும் ஒருநாள் என்னிடம், "சத்தம் வரக்குள்ள எனக்குப் பயமில்ல மகள். சத்தம் நிக்கக்குள்ளதான் பயம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் நோயின் முழு இலக்கணமும் இருந்தது. அதற்குப் பிறகு, மஹியங்கனைக்கு அப்பால் மலைப்பாதையில் ஒருநாள் வாப்பாவுக்குக் கண் சொருகியதாகவும், பக்கத்திலிருந்த உதவியாளர் தட்டி எழுப்பியதாகவும் தெரியவந்தது. எட்டு மணிநேரம் படுத்து எழுந்துவிட்டுப் போன மனிதருக்குத்தான் அந்தத் தூக்கம் வந்தது. உம்மாதான் பிடிவாதமாக அவரை வைத்தியரிடம் அழைத்துப்போனார். உடலெங்கும் உணர்கருவிகளைப் பொருத்தி ஓர் இரவு முழுவதும் பார்த்தார்கள். தடைகளின் எண்ணிக்கை அந்த 30ஐயும் தாண்டியிருந்தது.

இப்போது வாப்பா சீபாப் என்ற கருவியுடன் தூங்குகின்றார். அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் கொலின் சலிவன் என்ற வைத்தியர், ஐந்து நோயாளர்களிடம் இம்முறை பயனளித்ததை 1981இல் அறிவித்தார். அதன் தத்துவம் எளிது. மூக்கின் வழியே மெல்லிய அமுக்கத்தில் காற்றைச் செலுத்தினால், தளர்ந்த தொண்டை சுருங்கி மூடாது. தசை கைவிட்ட வேலையைக் காற்றே செய்கிறது. வாப்பாவின் முகத்தில் அந்த மூடியைப் பார்த்து முதலில் தம்பி பயந்தான். ஆனால் பகலில் வாப்பா கண்ணயர்வது நின்றுவிட்டது. உயர்ந்திருந்த குருதியமுக்கமும் இறங்கத் தொடங்கியிருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

நாம் கவனிக்க வேண்டியவை

பெற்றோருக்குச் சில செய்திகள். குறட்டை விடும் எல்லோருக்கும் இந்நோய் இல்லை. ஆனால் உரத்த குறட்டை, இடையில் மௌனம், பின் திணறல், காலையில் தலைவலி, பகலில் அடக்கமுடியாத தூக்கம் ஆகியன சேர்ந்து வந்தால் வைத்தியரைக் காண வேண்டும். நோயாளருக்குத் தன் நோய் தெரியாது. பக்கத்தில் படுப்பவரே சாட்சி. உடற்பருமன் இதைக் கூட்டும். எடையைக் குறைப்பதும், பக்கவாட்டில் படுப்பதும் பலருக்கு உதவும். வைத்தியர் சொல்லாமல் தூக்க மாத்திரை எடுப்பது ஆபத்தானது. தொண்டைத் தசையைத் தளர்த்துவதோடு அபாய மணியையும் மந்தமாக்கக்கூடிய மாத்திரைகள் உண்டு. ஹெரோயின் போன்ற போதைப்பொருட்கள் உயிரைப் பறிப்பதும் இவ்வழியில்தான். அவை மூளைத்தண்டின் தாளத்தையே அடக்கிவிடுகின்றன.

சிறு பிள்ளைகளும் குறட்டை விடுவதுண்டு. டொன்சில் வீங்கியிருப்பது அதற்கு முக்கியமான காரணம். இரவில் சரியாகத் தூங்காத பிள்ளை பகலில் சோர்ந்து கிடக்கும் என்றில்லை. அடம்பிடிக்கும், ஓரிடத்தில் இருக்காது, பாடத்தில் கவனம் சிதறும். "குழப்படிப் பிள்ளை" என்று பெயர் வைக்கும் முன், அது எப்படி மூச்சுவிட்டுத் தூங்குகிறது என்று ஓர் இரவு பார்ப்பது நல்லது.

கைக்குழந்தைகளின் மூளைத்தண்டு இன்னும் முதிராதது. எங்கள் ராத்தா பிள்ளை பெற்றிருந்தபோது, தூங்கும் குழந்தையின் மூச்சு சில செக்கன் நிற்பதைக் கண்டு மூக்கடியில் விரலை வைத்தபடி விழித்திருப்பார். ஐந்து முதல் பத்துச் செக்கன் வரை நின்று, தானாகவே மீண்டும் தொடங்குவது அந்த வயதில் இயல்புதான் என்று குடும்பநல மருத்துவிச்சி விளக்கிய பிறகே அவர் நிம்மதியானார். ஆனால் 20 செக்கனுக்கு மேல் நின்றாலோ, குழந்தை நீலம் பாரித்தாலோ தாமதிக்கக் கூடாது. குழந்தையை மல்லாத்திப் படுக்கவைக்க வேண்டும், குப்புறப் படுக்கவைக்கக் கூடாது. அமெரிக்காவில் 1994இல் இதைப் பெரும் பிரசாரமாகச் செய்த பின்னர், தொட்டில் குழந்தைகளின் திடீர் மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. பெரியவர்களுக்கு மல்லாந்து படுப்பது குறட்டையைக் கூட்டும், குழந்தைக்கோ அதுதான் பாதுகாப்பு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

என் வயதுச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பரீட்சை நெருங்கும்போது தூக்கத்தைத்தான் நாம் முதலில் வெட்டுகின்றோம். 13 முதல் 18 வயது வரையானோருக்கு 8 முதல் 10 மணிநேரத் தூக்கம் வேண்டும் என்று தூக்க மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். நள்ளிரவு தாண்டிக் கைத்தொலைபேசியுடன் விழித்திருந்துவிட்டு அதிகாலையில் எழுந்தால், நாம் வெட்டிவிடுவது இரவின் பிற்பகுதியில் வரவேண்டிய கனவுத் தூக்கத்தைத்தான். தூக்கம் வீணான நேரமல்ல. அது மூளைத்தண்டு முறைப்படி நடத்தும் ஒரு வேலை.

இன்றிரவு உங்கள் வீட்டில் எல்லோரும் தூங்கிய பின், ஒரு ஐந்து நிமிடம் காதுகொடுத்துக் கேளுங்கள். வாப்பா, உம்மா, தம்பி, தங்கை என ஒவ்வொருவரின் மூச்சையும் கேளுங்கள். அது சீராக வந்துபோனால் நிம்மதியாகத் தூங்குங்கள். இடையில் மௌனம் விழுந்து திணறலோடு முடிந்தால், அதை எண்ணிக் குறித்துக்கொண்டு அடுத்த நாளே வைத்தியரிடம் சொல்லுங்கள்.